பதினாலாம் பக்கத்து வெனிஸ்

ரயில் பெட்டியின் கதவு மூடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வண்டி கிளம்புவதற்கு அரை நிமிடம் முன்பு கதவுப் பொத்தானைச் சுற்றியிருக்கும் பச்சை வளையம் அணையும். பிறகு கதவு மூன்று முறை கூவும். பிறகு இரண்டு பலகைகளும் ஒன்றையொன்று நோக்கி நகரும். அவற்றின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு ரப்பர் குழாய், அதற்குள் காற்று. நடுவில் கை, கால், பை எது மாட்டினாலும் குழாய் நசுங்கும், காற்றழுத்தம் மாறும், கதவு தானாகத் திறந்துகொள்ளும். ஆகவே ஓடி வருகிற ஒருவனுக்காக வண்டியை நிறுத்தப் பெரிய வீரம் எதுவும் தேவையில்லை. ஒரு செருப்பு போதும்.

பிராக் நகரத்தில், எங்கள் பயணத்தின் மூன்றாம் நாள், அம்ப்ருஷ் நடைமேடையில் ஓடி வந்துகொண்டிருந்தான். நான் கதவருகே நின்றேன். என் காலில் செருப்பு இருந்தது. காலை நீட்டவில்லை.

அவனுடைய இரண்டு கைகளிலும் குழல் கேக். மாவைக் கட்டையில் சுற்றி, கரியில் சுட்டு, சர்க்கரையில் புரட்டும் பலகாரம். அது எங்கள் ஹங்கேரியப் பலகாரம். பிராக்கில் தங்கள் முப்பாட்டன் கண்டுபிடித்ததாகச் சொல்லி விற்கிறார்கள். அதில் ஒன்று எனக்கு. ஆனால் டிரெஸ்டனில் வண்டி மாற எங்களுக்கு நான்கே நிமிடம் இருந்தது. இங்கே இரண்டு நிமிடம் தாமதித்தால் நான்கில் பாதி போய்விடும். இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டு முடித்தபோது அம்ப்ருஷ் கண்ணாடிக்கு வெளியே இருந்தான். வண்டி நகர்ந்தது. அவன் ஒரு கேக்கை உயர்த்திக் காட்டிவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே அதைக் கடித்தான்.

டிரெஸ்டனில் நாங்கள் மாற வேண்டிய வண்டி இருபது நிமிடம் தாமதமாக வந்தது.

என் பெயர் செங்கே. புடாபெஸ்டில் போக்குவரத்துப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. கூட வந்தவர்கள் பொரோக்கா, புல்ச்சு. பொரோக்கா என் விடுதி அறைக்காரி, சட்டம் படிக்கிறாள். எதிராளி வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுவாள். புல்ச்சு அவளுடைய மாமா மகன். ஆறடி நான்கு அங்குலம், அவ்வளவும் வயிறு. அம்ப்ருஷ் என் ஆள். போன கோடையில் அவன் அத்தையின் ஏரிக்கரைக் குடிலில், நாணலுக்கு நடுவே, கொசுவுக்கு இரத்த தானம் செய்துகொண்டே நாங்கள் ஒருவரையொருவர் பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டோம். அந்தக் கதவு மூடும்வரை அவன் என் ஆள்.

எங்களிடம் இருந்தது மாணவர்கள் எல்லோரும் எடுக்கும் பயணச்சீட்டு. இரண்டு மாதத்துக்குள் நீ விரும்புகிற பத்து நாட்கள். அந்த நாட்களில் எந்த நாட்டு வண்டியிலும் ஏறலாம். ஒரு நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. ஆகவே காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறவன் புத்திசாலி, மத்தியானம் கிளம்புகிறவன் அரை நாளைத் தூக்கி எறிகிறவன். இதையெல்லாம் யோசித்து நான் ஒரு திட்டம் எழுதியிருந்தேன். பதினேழு நாள், பதினாலு பக்கம், நான்கு பிரதி, ஓரத்தில் கம்பிச் சுருள். பதினாலாம் பக்கத்தில் கடைசி ஊர்: வெனிஸ், பதினாறாம் நாள், சனிக்கிழமை பகல் 12:00.

பிராக்கில் முந்தின மாலை அம்ப்ருஷ் தன் பிரதியால் விசிறிக்கொண்டிருந்தான்.

"அதைப் படிச்சியா இல்லையா?" என்று கேட்டேன்.

"படமே இல்லையேடி."

"அது டைம்டேபிள்டா!"

"அதான் சொல்றேன். ஒரு மாட்டுப் படமாவது போட்டிருக்கலாம்."

அந்தக் கோபமும் மறுநாள் கதவருகே என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'அடுத்த வண்டியில் வா' என்று செய்தி அனுப்பினேன். 'போய்ட்டு வா' என்று பதில் வந்தது. அன்றைக்கே அவன் ஊர் திரும்பிவிட்டான். அதன் பிறகு பதினோரு நாள் ஒரு வார்த்தை இல்லை.

திட்டமும் அதிக நாள் உயிரோடு இல்லை. ஜெர்மனியில் பல வண்டிகள் உண்மையில் இரண்டு வண்டிகள். மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டு கிளம்பி, நடுவழியில் ஒரு சந்திப்பில் பிரிந்து, முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் போகும். அந்த மூக்கு ஓர் அற்புதம். இரும்புக் கொக்கி, காற்றுக் குழாய், மின்கம்பிகள் எல்லாம் ஒரே முட்டலில் சேர்ந்துகொள்ளும். பிரிவதற்கு ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுகை இல்லை, 'போய்ட்டு வா' இல்லை. ஒன்பதாம் நாள் இதை நான் பொரோக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது புல்ச்சு பின்பாதியில் உட்கார்ந்திருந்தான். அங்கே ஒரு துருக்கிக் குடும்பம் திராட்சை இலைக்குள் சோறு சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து போன் வந்தது.

"செங்கே, என் ஜன்னல்ல கப்பல் தெரியுது. உன் ஜன்னல்ல என்ன தெரியுது?"

"மாடு."

"அப்போ ஏதோ தப்பா இருக்கு."

அவனைத் தேடி நாங்கள் வடக்கே போனோம். திட்டம் தெற்கே கிடந்தது. பொரோக்கா ஒன்பதாம் பக்கத்தைக் கிழித்து அதில் கொத்துக்கறி அடைத்த சாசேஜைச் சுற்றி வைத்தாள். அதற்குப் பிறகு எந்த வண்டி முதலில் வருகிறதோ அதில் ஏறினோம். வெட்கத்தோடு சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது.

பதினாலாம் நாள், வியாழக்கிழமை, பிரெமன் நகரத்து ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்து ஊரிலிருந்து கொண்டுவந்த ஈரல் விழுது டப்பாக்களில் கடைசியைத் திறந்துகொண்டிருந்தோம். அப்போது அம்ப்ருஷின் செய்தி வந்தது.

'சனிக்கிழமை பகல் பன்னிரண்டு. வெலென்ட்சே ஸ்டேஷன். வந்தால் பேசலாம். ஞாயிறு சாயங்காலம் ஐஸ்லாந்து போகிறேன். ஒரு வருடம். ஹோட்டலில் பாத்திரம் கழுவ.'

அடுத்தவர் ஊரை அவர்கள் வைத்த பெயரால் கூப்பிடும் பழக்கம் எங்கள் மொழிக்குக் கிடையாது. வியன்னாவுக்கு நாங்கள் வைத்த பெயர் பேச். வெனிஸுக்கு வெலென்ட்சே.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "படிச்சிருக்கான்! பதினாலாம் பக்கம்! சனிக்கிழமை, பன்னண்டு மணி, வெலென்ட்சே. அப்படியே இருக்கு பாரு!"

"ஆம்பளைங்க பதினாலாம் பக்கம் வரைக்கும் வர மாட்டாங்கடி," என்றாள் பொரோக்கா.

"நான் ரெண்டாம் பக்கத்துல நின்னுட்டேன்," என்றான் புல்ச்சு. "சாப்பாடு எங்கன்னு தேடினேன். இல்ல. மூடிட்டேன்."

"அவன் படிச்சிருக்கான். ஐஸ்லாந்து போறதுக்கு முன்னாடி வெனிஸ் வரைக்கும் வரான்னா என்ன அர்த்தம்?"

"பாத்திரம் கழுவறதுக்கு முன்னாடி கொஞ்சம் அழுக்குத் தண்ணிய பாத்துப் பழகிக்கறான்னு அர்த்தம்."

"போன் பண்ணிக் கேக்கவா?"

"பண்ணாத," என்றாள் பொரோக்கா. "வண்டியில விட்டுட்டுப் போனவ நீ. போன்ல பேசினா சமாளிப்பே. வரேன்னு ஒரு வார்த்தை போடு, போய் நில்லு."

'வருகிறேன். சரியாகப் பன்னிரண்டுக்கு' என்று எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அந்தக் கட்டைவிரலை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று பொரோக்கா எண்ணிச் சொன்னாள். இங்கே எழுத மாட்டேன்.

பயணச்சீட்டில் மூன்று நாள் மிச்சம் இருந்தது. வெள்ளி ஒன்று, சனி ஒன்று, வீடு திரும்ப ஒன்று. வெள்ளிக்கிழமை விடிந்ததும் பிரெமனில் ஏறி, ஜெர்மனியை மேலிருந்து கீழாகக் குடைந்து, ஆல்ப்ஸ் மலைக்குள் நுழைந்தோம். எல்லோரும் ஜன்னலில் மூக்கை ஒட்டிவைத்துப் பனிமலையைப் படம் எடுத்தார்கள். நான் மேலே இருக்கிற கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"இங்கதான் மின்சாரம் மாறும்," என்றேன். "ஆஸ்திரியாவுல ஓடற மின்சாரம் வேற, இத்தாலியில வேற. ரெண்டையும் ஒரே கம்பியில தொடவிட்டா வெடிச்சிரும். அதனால இந்த மாதிரி எல்லையில நடுவுல ஒரு துண்டுக் கம்பி விடுவாங்க. அதுல எந்த மின்சாரமும் இருக்காது. வண்டி வந்த வேகத்துலயே அதைத் தாண்டணும். நடுவுல நின்னுட்டா அவ்வளவுதான், யாராவது வந்து தள்ளணும்."

பொரோக்கா என் கையைப் பிடித்தாள். "செங்கே, நீ கேக்காமலேயே விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா பயந்திருக்கேன்னு அர்த்தம்."

"நான் ஏன் பயப்படணும்? அவன் பதினாலாம் பக்கம் வரைக்கும் படிச்சிருக்கான்."

வெரோனாவில் தூங்கினோம். அந்த ஊரைப் பற்றி எனக்கு வேறெதுவும் தெரியாது. சனிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு வெனிஸ் வந்து சேர்ந்தோம்.

வெனிஸ் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் அகலமான படிக்கட்டு. படிக்கட்டு முடிகிற இடத்தில் பெரிய கால்வாய். அந்தப் படிகளில் உட்கார்ந்தோம். உட்காரக் கூடாது என்று ஒரு பலகை சொன்னது. பலகையின் நிழலில் ஒரு ஜப்பானியக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. புல்ச்சு வாங்கிவந்த ரொட்டியில் பாதியை ஒரு கடற்புறா கையிலிருந்தே கொத்திக்கொண்டு போனது. "இந்த ஊர்ல பறவைகூட சுற்றுலாப் பயணிய நம்பிப் பொழைக்குது," என்றான் அவன்.

பதினொன்று ஐம்பதுக்கு நான் ஆரம்பித்துவிட்டேன். "இந்த ஊரே மரக்கட்டை மேலதான் நிக்குது. லட்சக்கணக்குல மரத்தச் சேத்துல அடிச்சு இறக்கியிருக்காங்க. மரம் ஏன் அழுகல தெரியுமா? அழுகறதுக்குக் காத்து வேணும். சேத்துக்குள்ள காத்தே கிடையாது."

"மூச்சு விடுடி," என்றாள் பொரோக்கா. "உனக்கும் கிடையாது போல."

பன்னிரண்டு. நகரத்திலுள்ள மணிகள் எல்லாம் அடித்தன. எந்த இரண்டு மணியும் ஒன்றாக அடிக்கவில்லை. தேவாலயங்களுக்கு டைம்டேபிள் இல்லை. கூட்டத்தில் சிவப்பு, நீலம், தொப்பி, குடை. அம்ப்ருஷ் இல்லை. பன்னிரண்டு மூன்று. பன்னிரண்டு ஐந்து. போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி பொரோக்கா ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"எங்க இருக்கே?" என்றான் அம்ப்ருஷ்.

"படிக்கட்டுல. நீ எங்க?"

"எந்தப் படிக்கட்டு?"

"ஸ்டேஷன் படிக்கட்டுதான். தண்ணியப் பாத்தாப்ல."

"இங்க ஏது படிக்கட்டு? ஏரிப் பக்கம் போயிட்டியா?"

"ஏரியா? கடல்னு சொல்லு."

"என்ன கடல்? வெயில்ல சுத்தாத. லாங்கோஷ் கடைக்குப் பக்கத்துல நிக்கறேன், சிவப்பு பனியன்."

லாங்கோஷ் என்றால் எண்ணெயில் பொரித்த மாவுத் தட்டு. மேலே பூண்டு, புளித்த பாலாடை, துருவிய பாலாடைக்கட்டி. எங்கள் ஊர் ஏரிக்கரைகளில் அது இல்லாத கடை கிடையாது. வேறு எந்த நாட்டு ஸ்டேஷன் வாசலிலும் அதை நான் பார்த்ததில்லை.

புல்ச்சு துள்ளி எழுந்தான். "இங்க லாங்கோஷ் கிடைக்குதா? எந்தப் பக்கம்?"

நான் எழவில்லை.

"அம்ப்ருஷ்," என்றேன். "நீ எங்க இருக்கேன்னு முழு வாக்கியமா சொல்லு."

"வெலென்ட்சே மேல இருக்கேன்."

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஓர் ஊரில் இருக்கிறேன் என்று சொல்ல எங்கள் மொழியில் இரண்டு வழி உண்டு. பெரும்பாலும் எங்கள் நாட்டு ஊர் என்றால் அதன் 'மேல்' இருக்கிறோம். அயல்நாட்டு ஊர் என்றால் அதன் 'உள்ளே' இருக்கிறோம். புடாபெஸ்ட் மேல் பிறந்தேன், வியன்னா உள்ளே காபி குடித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். சொந்த மண் என்றால் மேலே நிற்கத் தோன்றுகிறது போல. அயலூர் என்றால் உள்ளே நுழைய. நூறு வருடத்துக்கு முன் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட ஊர்கள் பலவற்றுக்கு இன்னும் 'மேல்'தான். வரைபடம் ஒத்துக்கொண்டதை இலக்கணம் ஒத்துக்கொள்ளவில்லை.

வெனிஸ் அயலூர். வெனிஸில் இருக்கிறவன் 'வெலென்ட்சே உள்ளே' என்று சொல்ல வேண்டும். 'வெலென்ட்சே மேல்' என்றால் அது வேறு. புடாபெஸ்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில், ஆழமில்லாத ஓர் ஏரிக்கரையில், நாணலும் கொசுவும் லாங்கோஷ் கடையுமாக இன்னொரு வெலென்ட்சே இருக்கிறது. அங்கே அம்ப்ருஷின் அத்தைக்கு ஒரு குடில் இருக்கிறது. போன கோடை முழுவதும் நான் அங்கேதான் கடி வாங்கினேன். 'வெலென்ட்சே ஸ்டேஷன்' என்று சேர்த்து எழுதும்போது மேலும் வராது, உள்ளேயும் வராது. ஆகவே எந்த வெலென்ட்சே என்று அந்தச் செய்தியிலிருந்து எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க வேண்டும் என்று தோன்றியிருந்தால்தானே.

"அம்ப்ருஷ்," என்றேன். "நான் வெலென்ட்சே உள்ள இருக்கேன்."

அந்தப் பக்கம் பின்னால் எங்கேயோ ஒரு குழந்தை தண்ணீரில் குதித்தது.

"இத்தாலியிலயா?"

"பதினாலாம் பக்கத்துல அப்படித்தானே இருக்கு! சனிக்கிழமை, பன்னண்டு..."

"என்ன பதினாலாம் பக்கம்?"

பொரோக்கா கண்ணை மூடிக்கொண்டாள். புல்ச்சு மெதுவாக உட்கார்ந்தான்.

"நீ படிக்கலையா?" என்றேன்.

"படம் இல்லேன்னு அப்பவே சொன்னேனே. நீ எல்லார்கிட்டயும் ரெண்டு வாரம் ரெண்டு வாரம்னு சொன்னே. ரெண்டு வாரம் நேத்தோட முடிஞ்சுது. நீ வீட்டுக்கு வந்திருப்பேன்னு நெனச்சேன்." சட்டென்று கேட்டான், "செங்கே, நிஜமாவே வெனிஸ்லயா? எனக்காகவா போனே?"

"பிரெமன்லேருந்து."

"பிரெமனா? அது எங்கடி இருக்கு?"

"மேல."

அவன் சிரித்தானா இருமினானா என்று தெரியவில்லை. பிறகு அவன் குரல் தாழ்ந்தது. "இன்னிக்கி அத்தை வீட்லதான் இருப்பேன். நாளைக்கு பன்னண்டு நாலு வண்டியில புடாபெஸ்ட். அங்கேருந்து விமானம். அதுக்கு மேல என்னால முடியாது."

இந்த மாதிரி நேரங்களில் மற்றப் பெண்கள் அழுவார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. நாலு மணிக்குக் கொஞ்சம் முன் வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு ஒரு வண்டி. அது இன்றைய நாளிலேயே அடங்கும். காலையில் வியன்னாவிலிருந்து கிளம்பினால் புடாபெஸ்ட் எல்லையிலுள்ள கெலென்ஃபெல்ட் நிலையம். ஏரிக்குப் போகும் வண்டியும் அங்கேயே நிற்கும், ஊருக்குள் போக வேண்டாம்.

"நாளைக்கு சரியா பன்னண்டுக்கு அங்க இருப்பேன்," என்றேன். "நாலு நிமிஷம் இருக்கு."

"நாலு நிமிஷமா? டிரெஸ்டன் மாதிரியா?"

அவன் கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

பொரோக்காவும் புல்ச்சுவும் வரவில்லை. "ரெண்டு நாளா ஓடி வெலென்ட்சே வந்திருக்கோம்," என்றான் புல்ச்சு. "சரியான வெலென்ட்சே இதுதான். நான் ஒரு வாரம் இங்கேருந்து நகர மாட்டேன்." பொரோக்கா என் பையின் வாரைச் சரிசெய்தாள். "போய் அவன்கிட்ட எதையும் விளக்காத. மன்னிச்சுக்கன்னு சொல்லு. ஒரே வார்த்தை. உனக்குக் கஷ்டம்தான்."

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் கெலென்ஃபெல்டில் ஏரி வண்டியைப் பிடித்தேன். ஜூலை மாத ஞாயிறில் அந்த வண்டி ரயில் இல்லை, சக்கரம் வைத்த குளியல் தொட்டி. காற்று ஊதிய ரப்பர் முதலைகள், ஊதிய மெத்தைகள், ஏற்கெனவே நீச்சல் உடையில் இருக்கும் மாமாக்கள். கதவருகே இடம் கிடைத்தது. என் பக்கத்தில் இரண்டு கூடைகளோடு ஒரு மாமா நின்று வெளியே கத்திக்கொண்டிருந்தார்.

"இலோன்கா! ஓடு!"

நடைமேடையின் கோடியில் ஒரு பெரிய அம்மா, கைக்குழந்தையைப் போல ஒரு தர்பூசணியை அணைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"பழத்தைக் கீழ போட்டுட்டு ஓடு!"

"நீ சும்மா இருய்யா!" என்று கத்திக்கொண்டே வந்தார் அந்த அம்மா.

பச்சை வளையம் அணைந்தது. கதவு கூவியது. ஒன்று. இந்த வண்டி இப்போது கிளம்பினால் பன்னிரண்டு மணிக்கு வெலென்ட்சே. இரண்டு. இரண்டு நிமிடம் தாமதித்தால் நான்கில் இரண்டு போகும். மூன்று. அந்தக் கணக்கு பழைய கணக்குதான், அதன் முகம் எனக்குத் தெரியும். நான் காலை நீட்டினேன்.

கதவு என் செருப்பைக் கடித்தது, யோசித்தது, திறந்தது. இலோன்கா அம்மா பழத்தோடு உள்ளே விழுந்தார். பழம் உருண்டு ஒரு முதலையின் மேல் போய் நின்றது. கதவு மறுபடி மூடப் பார்த்தது, முதலையின் வால் மாட்டியது, திறந்தது. மறுபடி. இந்த முறை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

வண்டியின் எல்லாக் கதவுகளையும் ஒரே மின்சுற்று கோத்துக்கொண்டு போகிறது. ஒரே ஒரு கதவு சரியாகப் பூட்டவில்லை என்றாலும் சுற்று முழுமை அடையாது. ஓட்டுநருக்கு விளக்கு எரியாது. எரியாமல் வண்டியை எடுக்க முடியாது. யாராவது வந்து கதவைக் கையால் பூட்டி அதைக் கணக்கிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். நடத்துநர் அம்மா சாவியோடு வந்தார்.

"எவ கால் அது?"

"என் கால்தான் அக்கா."

"படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே. கதவுல கால் வைக்கக் கூடாதுன்னு தெரியாது?"

"அதைப் பத்தி எனக்கு எல்லாமே தெரியும் அக்கா," என்றேன். இலோன்கா அம்மா என் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். அவர் கணவர் பழத்தைத் தட்டிப் பார்த்து, "உடையல," என்றார், மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல்.

ஆறு நிமிடம் போனது.

வெலென்ட்சேவுக்கு ஒரு நிமிடம் முன்பு எதிர்த் தண்டவாளத்தில் புடாபெஸ்ட் போகிற வண்டி வந்தது. பன்னிரண்டு நாலு வண்டி. இரண்டு வண்டிகள் எதிரெதிரே கடக்கும்போது ஒரு ஜன்னல் நம் கண்ணுக்கு முன் இருக்கும் நேரம் ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. சிவப்பு பனியனை அதில் பார்க்க முடியாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன். சிவப்பாகவே எல்லாம் தெரிந்தது. பிறகு நாணல்.

வண்டி நின்றது. முதலைகளும் மெத்தைகளும் மாமாக்களும் இறங்கி ஏரியை நோக்கிப் போனார்கள். நடைமேடை காலியானது. லாங்கோஷ் கடை தெரிந்தது. அதன் பக்கத்தில் பெஞ்ச். பெஞ்சில் சிவப்பு பனியன்.

"ஆறு நிமிஷம் லேட்," என்றான் அம்ப்ருஷ்.

"உன் வண்டி போயிருச்சே."

"போச்சு."

"நீ ஏன் ஏறல?"

"அரை மணிக்கு ஒரு வண்டி இருக்குடி. நீ இதைப் பாக்கலயா?"

பார்க்கவில்லை. நாற்பது நகரங்களின் வண்டிகளை மனப்பாடம் செய்திருந்தேன். அவன் ஊரிலிருந்து திரும்பிப் போகும் வண்டியைப் பார்க்கவில்லை.

"அப்போ எதுக்குடா பன்னண்டு நாலுன்னு சொன்னே?"

"நீ என்ன செய்யறேன்னு பாக்கத்தான். என்ன செஞ்சே? எப்படி லேட்டாச்சு? நீ லேட்டாகி நான் பாத்ததே இல்ல."

பொரோக்கா விளக்காதே என்று சொல்லியிருந்தாள். நான் வலது காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்தேன். செருப்பின் குறுக்கே கதவு ரப்பரின் கறுப்புக் கோடு, அழுத்தமாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை. அவன் அதைக் குனிந்து பார்த்தான். விரலால் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை.

"யாருக்காக?"

"ஒரு தர்பூசணிக்காக. மன்னிச்சுக்க."

"பிராக்ல நான் ஒரு தர்பூசணி வாங்கியிருக்கணும்," என்றான். காகிதத்தில் சுற்றி வைத்திருந்த லாங்கோஷை என்னிடம் தள்ளினான். ஆறி, செருப்பைவிடக் கெட்டியாக இருந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.

"ரெண்டு கேக்கையும் நீயே தின்னியா?"

"ரெண்டையும். உன்னுத மெதுவா தின்னேன்."

அடுத்த வண்டிக்கு இருபது நிமிடம் இருந்தது. ஏரியிலிருந்து காற்று வந்தது, கொசுவும்.

"ஐஸ்லாந்து மேல ஒரு வருஷம் என்னடா பண்ணுவே?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் வாய் என்ன சொன்னது என்று கவனித்தேன். அயல்நாடு என்றால் உள்ளே. ஆனால் தீவு என்றால் பெரும்பாலும் மேல். வியன்னா பக்கத்து வீடு, அதற்கு உள்ளே. ஐஸ்லாந்து கடலுக்கு அந்தப் பக்கம், அதற்கு மேல். இலக்கணத்தின்படி அது வியன்னா பக்கம் இல்லை, இந்த வெலென்ட்சே பக்கம். இதை அவனிடம் சொன்னேன். சொல்லி முடிக்கச் சில நிமிடம் ஆனது. அவன் விசிறவில்லை.

"அங்க ரயிலே கிடையாது, தெரியுமா?" என்றான்.

"ஒண்ணுகூடவா?"

"நாடு பூரா ஒண்ணுகூட இல்ல. தண்டவாளமே இல்ல."

ரயில் இல்லாத ஒரு நாடு. கதவு, பொத்தான், மூக்கு, கம்பி ஒன்றும் இல்லை. "அப்போ நான் அங்க வந்தா உன்னை எதுல விட்டுட்டுப் போறது?"

"அதான் அந்த நாட்டைப் பாத்து எடுத்தேன்."

பன்னிரண்டு முப்பத்து நாலு வண்டி முப்பத்து நாலுக்கே வந்தது. அவன் முதலில் ஏறினான். ஏறித் திரும்பி நின்று, பச்சை வளையம் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போதே, கதவுக்கு நடுவே காலை நீட்டி வைத்துக்கொண்டான்.

"ஏறுடி," என்றான். "அவசரமில்ல."